ரெபெக்கா பெற்ற பத்துப் பேர்

அமெரிக்காவின் ஆரம்பகாலக் குடியேறிகளில் டேனியல் பூனுக்குப் பெரிய பெயர். கென்டக்கிக் காட்டுக்குள் பாதை வெட்டியவர், பேர்போன வேட்டைக்காரர். அவருடைய குடும்பக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு போய் நிற்பது அவர் மனைவி ரெபெக்காவிடம்தான்.

டேனியலின் அப்பா ஸ்கொயர் பூன், இங்கிலாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த நெசவாளி, குவேக்கர் சபைக்காரர். சபைக்கு வெளியே மகள் கல்யாணம் செய்துகொண்டபோது மன்னிப்புக் கேட்டார். மகனும் அப்படியே செய்தபோது கேட்க மறுத்துவிட்டார். சபை அவரை விலக்கி வைத்தது. 1750-இல் குடும்பம் தெற்கே கிளம்பி, வட கரோலினாவில் குடியேறியது. அங்கே 1756-இல் டேனியல் ரெபெக்கா பிரையனை மணந்தார். அவளுக்கு 17 வயது. பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

1773-இல் சில குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு கென்டக்கிக்குப் புறப்பட்டார் டேனியல். அது ஷானி, செரோக்கி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த காடு. வெள்ளையர் வந்து குடியேறினால் தங்களுக்கு அது மிஞ்சாது என்று அவர்கள் பயந்தார்கள், பயந்தபடியேதான் நடந்தது. அக்டோபர் 10 விடியற்காலை, சாமான்களோடு பின்னால் வந்துகொண்டிருந்த சிறு குழுவைத் தாக்கினார்கள். மூத்த மகன் ஜேம்ஸ் சித்திரவதைப்பட்டுச் செத்தான். வயது 16. அடக்கம் செய்யப் போனவர்களிடம், பிள்ளையைச் சுற்றிப் புதைக்க லினன் விரிப்புகளைக் கொடுத்தனுப்பினாள் ரெபெக்கா. குடும்பங்கள் திரும்பிவிட்டன. அடுத்த வசந்தத்தில் டேனியல் தனியாகப் போய்ப் பார்த்தபோது, ஓநாய்கள் குழியைத் தோண்டியிருந்தன. திரும்பவும் புதைத்துவிட்டு வந்தார்.

அதோடு நிற்கவில்லை. குடும்பம் மறுபடி கென்டக்கிக்கே போய்க் குடியேறியபின், 1776-இல் மகள் ஜெமைமாவைக் கடத்திப்போனார்கள். அப்பா துரத்திப்போய் மீட்டார். 1778-இல் டேனியலையே ஷானிகள் பிடித்துப்போனார்கள். புருஷன் செத்துப்போனார் என்றே நினைத்து, பிள்ளைகளோடு கரோலினாவுக்குத் திரும்பினாள் ரெபெக்கா. பிடித்தவர்களோ அவரைத் தங்கள் தலைவரின் மகனாகத் தத்தெடுத்திருந்தார்கள்! அவர் தப்பி வந்தார். 1782-இல் கென்டக்கியின் புளூ லிக்ஸில் நடந்த சண்டையில் இன்னொரு மகன் இஸ்ரேல் செத்தான்.

இத்தனைக்கும் பிறகு அந்த மண்ணாவது கையில் நின்றதா? பத்திரம், பதிவு, வழக்கு என்று எல்லாம் போயிற்று. 1799-இல் அப்போது ஸ்பெயின் வசமிருந்த மிசௌரிக்குப் போனார்கள். ரெபெக்கா 1813-இலும் டேனியல் 1820-இலும் அங்கேயே காலமானார்கள்.

1851-இல் லைமன் டிரேப்பர் என்பவர் மிசௌரிக்குப் போய், கடைசி மகன் நேதனையும் மருமகள் ஆலிவையும் உட்கார வைத்துக் கேட்டு, கேட்டதையெல்லாம் எழுதிவைத்தார். அவர் ஆலிவிடமும் கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். ரெபெக்காவோடு வருஷக்கணக்கில் பழகியவள் அவள்.