சுரண்டியும் மலைமண்ணும்: உழாமற் பயிர்செய்தல் பற்றி ஒரு நோக்கு

உழாமற் பயிரிடும் முறையில் விதைப்பொறியின் பணி நிலத்தைப் புரட்டுவதன்று. சருகை வெட்டி, விதைக்கு வேண்டிய ஒடுங்கிய பிளவை மட்டும் திறந்து மூடுவதாகும். மேலைநாட்டு உழவர் தம் பழைய வரிசை விதைப்பொறிகளில் சருகு வெட்டும் வட்டத் தகடுகளைப் பொருத்தி அவற்றை இதற்கு இசைவாக்குகின்றனர். ஹட்டன் மலைச்சரிவுகளில் அப்பொறிக்கு இடமில்லை. தேயிலை ஒருமுறை நட்டாற் பல பத்தாண்டுகள் நிற்பது. அதற்கு ஆண்டுதோறும் உழவில்லை. ஆயினும் மண்ணைக் கிளறும் வினையை இங்கு வேறொரு கருவி செய்தது. அதுவே சுரண்டி.

1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி அழிந்தபின் அந்நிலங்களில் தேயிலை பரவியது. மலையிற் புல் ஒன்றும் நிற்கலாகாது என்ற கோப்பிக்காலத் துரைமாரின் ஒழுங்கும் உடன் தொடர்ந்தது. சுரண்டி புல்லோடு மேல்மண்ணையும் நெகிழ்த்தும். நெகிழ்ந்த மண் மழையிற் கானுக்குள் இறங்கும். டிக்கோயாப் பக்கத்து மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்லும். கான் வெட்டியவரும், அதில் நிறைந்த மண்ணை வாரி மேலே இட்டவரும் தொழிலாளரே. (சுரண்டி, சுரண்டல் எனும் இரு சொற்களும் ஒரே வினையடியிற் பிறந்தவை என்பது மொழியியலாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று.)

மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931இலும், மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலும் வந்தன. கேடு செய்யும் களையை மட்டும் கையாற் பிடுங்குக, மண்ணைப் போர்த்தும் மென்பூண்டுகளை விடுக, கவ்வாத்துக் கழிவை நிலத்திலேயே பரப்புக என்பன அறிவியல் தந்த விடைகள். இவை அறியப்பட்ட பின்னரும் சுரண்டி ஏன் மறையவில்லை? தொழிலாளியின் அறியாமையைக் காரணங்காட்டுவோர் கூலிமுறையை நோக்குவதில்லை. தெரிந்து பிடுங்குதற்கு நேரம் வேண்டும். பரப்பளவைக் கொண்டு கொந்தரப்புக் கூலி கணிக்கப்படுமிடத்து, விரைந்து வழிக்கும் கருவியே வயிற்றுக்கு உதவுவது. கருவியைத் தெரிவது கையன்று, கணக்கு.

களைகொல்லி மண்ணைக் கிளறாது என்பது மெய்யே. ஆனால் அந்நஞ்சைத் தோளிற் சுமப்பவரும் இவரே. கிளைபோசேற்று 2015இல் தடுக்கப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. இடைக்காலத்தில் களையெடுப்பு மீண்டும் மனிதக் கைகளையே பெரிதும் நம்பிற்று, கூலிக்கணக்கோ மாற்றப்படவில்லை. சுரண்டியை ஒழிக்க விரும்பும் நிருவாகம், பிடுங்காது விட்ட பூண்டையும் செய்த வேலையாகக் கொந்தரப்பில் எழுதத் தொடங்குதல் வேண்டும்.