குஸ்தி ரசிகர்கள் முட்டாள்களா?

சண்டை நாடகம்தான்; கண்ணீர் நிஜம்!

கோதாவில் இரண்டு பயில்வான்கள் மோதுகிறார்கள். ஒருவன் நல்லவன். இன்னொருவன் போக்கிரி. நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும், போக்கிரி நல்லவனின் கண்ணில் விரலை விட்டுக் குத்துகிறான். "ஐயோ, அநியாயம்!" என்று கூட்டம் அலறுகிறது. முன்வரிசையில் இருக்கும் பாட்டி குடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து விடுகிறார்.

இதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். "யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் தொண்டை கிழியக் கத்துகிறார்களே!" என்கிறார்கள்.

ஒலிம்பிக்கில் நடக்கும் குஸ்தி வேறு. அங்கே பலம் உள்ளவன் ஜெயிப்பான். டிக்கெட் விற்று நடத்தும் தொழில் குஸ்தி வேறு. அங்கே முடிவு முன்கூட்டியே எழுதப்படுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், மெக்சிகோ ஆகிய நாடுகளில் இந்தக் குஸ்திக்கு ஏராளமான ரசிகர்கள் உண்டு.

இந்த ரசிகர்கள் மீது மூன்று குற்றச்சாட்டுகள். முதலாவது, இவர்கள் பொய்யை நம்பும் முட்டாள்கள். இரண்டாவது, இவர்கள் படிக்காத முரட்டு ஆண்கள். மூன்றாவது, இவர்கள் அடிதடிக்காரர்கள்.

இது நியாயமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தெரிந்தே வந்தார்கள்

குஸ்தியில் முடிவு பேசி வைக்கப்படுகிறது என்பது பழைய சங்கதி. 1930-களிலேயே நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் ஒரு விதி போட்டது. தொழில் குஸ்தியைப் "போட்டி" என்று விளம்பரம் செய்யக் கூடாது, "காட்சி" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அந்த விதி. அதற்குப் பிறகும் கூட்டம் வந்தது.

1989-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. டபிள்யூ.டபிள்யூ.எப். என்ற பெரிய குஸ்தி கம்பெனி, நியூஜெர்சி மாநில அரசிடம் உண்மையை ஒப்புக்கொண்டது. "எங்கள் குஸ்தி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு" என்றது. விளையாட்டுப் போட்டிகளுக்கு உரிய கட்டுப்பாடுகளில் இருந்து தப்புவதற்காகவே இப்படிச் சொன்னது.

இனி ரசிகர்கள் ஓடிப்போவார்கள் என்று பலர் நினைத்தார்கள். நடந்தது என்ன? மூன்றே ஆண்டுகளில், 1992-ல், லண்டன் வெம்பிளி மைதானத்தில் அதே கம்பெனி குஸ்தி நடத்தியது. சுமார் 80 ஆயிரம் பேர் திரண்டார்கள்! அன்று மோதிய பிரெட் ஹார்ட்டும் "பிரிட்டிஷ் புல்டாக்" டேவி பாய் ஸ்மித்தும் மைத்துனர்கள். அதுவும் ரசிகர்களுக்குத் தெரியும். தெரிந்தும் மைதானம் அதிரக் கத்தினார்கள்.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரோலான் பார்த் 1957-ல் வெளியிட்ட புத்தகத்தில் குஸ்தி பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. குஸ்தி விளையாட்டு அல்ல, நாடகம் என்கிறார் அவர். முடிவு பேசி வைக்கப்பட்டதா என்ற கவலையே ரசிகனுக்குக் கிடையாது. நல்லவன் படும் துன்பத்தையும், கெட்டவன் வாங்கும் தண்டனையையும் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வருகிறான் என்பது அவர் கருத்து.

அமெரிக்காவில் "கார்ஜியஸ் ஜார்ஜ்" என்று ஒரு பயில்வான் இருந்தார். தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு, மினுமினுக்கும் அங்கி போட்டு வருவார். வேலைக்காரர் முன்னால் வந்து வாசனைத் திரவியம் தெளிப்பார். "நானே அழகன்!" என்று ஜார்ஜ் பீற்றிக்கொள்வார். மக்களுக்கு ஆத்திரம் பொங்கும். இவர் அடிபடுவதைப் பார்க்கவே டிக்கெட் வாங்குவார்கள்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1961-ல் இவரைப் பார்த்தார். வாய் வீச்சு கூட்டம் சேர்க்கும் என்பதை இவரிடம்தான் கற்றுக்கொண்டதாக அலியே பிற்காலத்தில் சொன்னார்.

ரகசியத்தைக் காத்தது யார்?

அப்படியானால் நிஜம் என்று நம்பியவர்கள் ஒருவருமே இல்லையா? இருந்தார்கள். ஆனால், அவர்கள் நம்பும்படி செய்தது யார்?

பயில்வான்கள் நாடகத்தை வெளியிலும் தொடர்ந்தார்கள். கோதாவில் பகைவராக வருகிற இருவர் வெளியே ஒன்றாகச் சாப்பிடக் கூடாது. ஒரே காரில் போகக் கூடாது. அது தொழில் சட்டம்!

1987-ல் ஜிம் டக்கன், அயர்ன் ஷேக் என்ற இரண்டு "ஜென்மப் பகைவர்கள்" ஒரே காரில் போகும்போது நியூஜெர்சி போலீசாரிடம் சிக்கினார்கள். செய்தி பரவியது. கம்பெனி இருவரையும் வெளியே அனுப்பியது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பொய்யைக் காத்தவர்கள் கெட்டிக்காரர்கள். அதை நம்பியவர்கள் மட்டும் முட்டாள்களா?

பாட்டிகளும் இளவரசரும்

அடுத்த குற்றச்சாட்டு, படிக்காத முரட்டு ஆண்களின் கூட்டம் என்பது.

பிரிட்டனில் 1955 முதல் 1988 வரை ஐ.டி.வி. டெலிவிஷன் குஸ்தியைக் காட்டியது. பல ஆண்டுகள் சனிக்கிழமை மாலை 4 மணி என்றால் குஸ்தி நேரம். குடும்பமே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடும். குஸ்தி மண்டபங்களில் முன்வரிசையில் இருந்தவர்களில் பலர் வயதான பெண்கள். போக்கிரிப் பயில்வான் பக்கத்தில் வந்தால் கைப்பையால் ஒரு போடு போடுவார்கள்!

1963-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த குஸ்தியைப் பார்க்க எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் இளவரசரே வந்தார். அவரையும் படிக்காத கூட்டத்தில் சேர்க்கலாமா?

ஜப்பானில் நடந்தது இன்னும் உருக்கமானது. இரண்டாவது உலகப் போரில் ஜப்பான் 1945-ல் தோற்றது. மக்கள் மனம் ஒடிந்து போயிருந்தார்கள். 1954 பிப்ரவரியில் ரிக்கிடோசான் என்ற பயில்வான், ஷார்ப் சகோதரர்கள் என்ற வெள்ளைக்கார ஜோடியுடன் மோதினார். வீடுகளில் டெலிவிஷன் அபூர்வமாக இருந்த காலம் அது. தெருக்களில் வைத்த டெலிவிஷன் பெட்டிகளைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ரிக்கிடோசான் கையை வெட்டுக்கத்திபோல் வீசி அடித்தபோது ஆனந்தக் கூத்தாடினார்கள்.

ஷார்ப் சகோதரர்கள் உண்மையில் கனடாக்காரர்கள். ரிக்கிடோசானோ கொரியாவில் பிறந்தவர்! ஆனால், அந்த மக்கள் கண்டது அதை அல்ல. விழுந்தவன் எழுந்து நின்றதைக் கண்டார்கள். வீட்டுக்குப் போகும்போது அவர்கள் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அது முட்டாள்தனமா?

மெக்சிகோவில் முகமூடி போட்ட பயில்வான்கள் பிள்ளைகளின் தெய்வம். "எல் சான்டோ" என்ற பயில்வான் 1984-ல் இறந்தபோது, அவரை முகமூடியுடனேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் குஸ்தியை மெக்சிகோ நகர அரசு 2018-ல் நகரத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

கத்தி எடுத்தவர்கள்

மூன்றாவது குற்றச்சாட்டை அடியோடு மறுக்க முடியாது.

1957 நவம்பரில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில் பெரிய கலவரம் நடந்தது. அன்டோனினோ ரோக்கா என்ற பயில்வான் மீது மக்களுக்கு உயிர். அவரும் எதிராளிகளும் ரத்தம் சொட்ட மோதினார்கள். ரசிகர்கள் நாற்காலிகளை வீசினார்கள். போலீசார் பாடுபட்டு அடக்கினார்கள். அதன் பிறகு 14 வயதுக்கு உட்பட்டவர்களை அங்கே குஸ்தி பார்க்க விடக்கூடாது என்று தடை வந்தது.

1971-ல் பாஸ்டன் நகரில் பிளாக்ஜாக் மல்லிகன் என்ற "கெட்ட" பயில்வானை ஒரு ரசிகர் கத்தியால் குத்திவிட்டார். இதெல்லாம் குற்றம். ஆத்திரம் வந்தது என்று சாக்குச் சொல்ல முடியாது.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. கத்தி எடுத்தவர் ஒருவர். கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியவர்கள் ஆயிரம் பேர். கால்பந்து மைதானங்களிலும் ரசிகர்கள் கலவரம் செய்து உயிர்கள் போயிருக்கின்றன. அதற்காகக் கால்பந்து ரசிகர்கள் எல்லோருமே முரடர்கள் என்று யாராவது சொல்கிறார்களா?

நம் ஊரில் மட்டும் என்ன?

தாராசிங், கிங்காங் மோதல் என்றால் 1950-களில் ஊரே பேசும். சென்னையிலும் அவர்கள் மோதினார்கள். மலைபோன்ற கிங்காங்கைத் தாராசிங் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினால் கூட்டம் கூரை பறக்கக் கத்தும். இது நிஜச் சண்டையா என்ற சந்தேகம் அப்போதும் பேசப்பட்டது. ஆனால், தூக்கிய கனம் பொய் இல்லையே!

சினிமாவில் எம்.ஜி.ஆரை நம்பியார் சவுக்கால் அடித்தால் "பாவிப்பயலே!" என்று திட்டாத பாட்டி உண்டா? நம்பியார் நிஜத்தில் சாது, சபரிமலை பக்தர் என்பது ஊருக்கே தெரியும். தெருக்கூத்தில் திரௌபதியின் சேலையைத் துச்சாதனன் பிடித்து இழுத்தால், கதை தெரிந்தவர்களும் கண்ணீர் விடுகிறார்கள். அவர்களை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை. குஸ்தி ரசிகனுக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்?

உண்மையான குறை

ரசிகர்கள் மீது குறையே இல்லையா? இருக்கிறது. அவர்கள் அதிகமாக நம்புகிறார்கள் என்பது அல்ல அந்தக் குறை. "எல்லாம் நடிப்புதானே" என்று அதிகமாக அலட்சியம் காட்டுகிறார்கள் என்பதுதான்.

முடிவு பொய்யாக இருக்கலாம். விழுகிற உடம்பு நிஜம். முறிகிற எலும்பு நிஜம். நேற்று பார்த்ததைவிட இன்று பெரிய ஆபத்து வேண்டும் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். கம்பெனிகளும் கொடுக்கின்றன.

1999 மே மாதம் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரில் ஓவன் ஹார்ட் என்ற பயில்வானை மண்டபத்தின் கூரையில் இருந்து கயிற்றில் இறக்கினார்கள். வெம்பிளியில் மோதிய பிரெட் ஹார்ட்டின் தம்பி அவர். கொக்கி கழன்றது. கோதாவில் விழுந்து உயிரிழந்தார். வயது 34. அதுவும் காட்சியின் ஒரு பகுதி என்றே முதலில் பலர் நினைத்தார்கள். அவரைத் தூக்கிச் சென்றபின் குஸ்தி தொடர்ந்து நடந்தது. அவர் இறந்த செய்தியை மண்டபத்தில் இருந்த ரசிகர்களுக்குச் சொல்லவே இல்லை.

குஸ்தி ரசிகன் முட்டாள் அல்ல. உலகத்தில் அநியாயம் ஜெயிப்பதை அவன் தினமும் பார்க்கிறான். கோதாவிலாவது நியாயம் ஜெயிக்கட்டும் என்று கைதட்டுகிறான். தட்டட்டும். ஆனால், "இன்னும் உயரத்தில் இருந்து குதி!" என்று கத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நினைக்கட்டும். போக்கிரி வேஷம் போட்டவருக்கும் வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள்!