மரவீட்டின் மூட்டுகள்

நேயர்களே, பினாங்கு ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் சாலை வழியே போகிறவர்கள் இன்று முதலில் காண்பது அடுக்குமாடிகளையும் பெரிய அங்காடிகளையும்தான். பழைய ஈய உருக்காலை நின்ற இடத்தில்கூடக் கடைத்தொகுதி எழுந்துவிட்டது. ஆனால் 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்குவதற்கு முன்பே இப்பகுதியில் மலாய்க் குடியிருப்பு இருந்தது என்பார்கள். அக்கால வீடுகள் மரத்தால் ஆனவை. தீவின் கம்பங்களில் அத்தகைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கூரை தொய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தச்சர் வந்து, "இரும்புத் தகடு வைத்து ஆணி அடித்தால் இன்றைக்கே வேலை முடியும்" என்கிறார். வயதான மற்றொருவர், "கழுந்து செதுக்கித் துளையில் இறக்கி ஆப்பு வைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும்" என்கிறார். எவர் பேச்சைக் கேட்பது? கூரையின் கீழே பிள்ளைகள் உறங்குகிறார்கள் அல்லவா? ஆகவே கூலியை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது.

முதலில் மூட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். நல்ல மரம் நடுவில் முறிவது அரிது. வீடு பெரும்பாலும் மூட்டில்தான் விட்டுக்கொடுக்கும். மூட்டின் மேல் மூன்று வகை விசைகள் வருகின்றன. ஒன்று அமுக்குவது, இன்னொன்று இழுப்பது, மூன்றாவது பக்கவாட்டில் நழுவச் செய்வது. தூணின் துளையில் உத்தரத்தின் கழுந்து உட்கார்ந்திருந்தால், அமுக்கத்தையும் நழுவலையும் மரமே தாங்கிக்கொள்ளும். இழுக்கும்போதோ ஒரு சிறு முளைதான் பிடித்து நிற்க வேண்டும். மேலும், கழுந்தின் கனம் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. ஆறு அங்குலத் தூணில் இரண்டு அங்குலம் குடைந்துவிட்டால், அந்த இடத்தில் மிஞ்சுவது நான்கே அங்குலம். ஆகவே பழைய முறைக்குப் பருத்த மரம் வேண்டும்.

அடுத்து, மரம் சுருங்கும் தன்மையுடையது. பச்சை மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் சுருக்கம் தொடங்குகிறது. நீளவாக்கில் அது மிகக் குறைவு. குறுக்கே அதிகம். கழுந்தும் துளையும் மரமே ஆதலால் இரண்டும் சேர்ந்து சுருங்கும். மூட்டு தளர்ந்தால் ஆப்பை ஒரு தட்டுத் தட்டினால் மறுபடியும் இறுகிவிடும். மலாய்த் தச்சர்கள் 'பாஜி' என்று சொல்லும் ஆப்பின் பயன் இதுவே. ஆப்பைக் கழற்றினால் வீட்டையே பிரித்து வேறு இடத்தில் நிறுத்தவும் முடியும். பச்சை மரத்தில் அடித்த ஆணி சுருங்குவதில்லை. மரம்தான் வெடிக்கிறது, அல்லது ஆணி தளர்கிறது. கோலகங்சாரில் 1926இல் எழுந்த இஸ்தானா கெனாங்கான் இரும்பாணி இன்றிக் கட்டப்பட்டது என்று பெயர்பெற்ற அரண்மனை.

அப்படியானால் இரும்பு வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1950களில் அமெரிக்காவில் பல்தகடு என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். துத்தநாகம் பூசிய, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கன எஃகுத் தகட்டிலிருந்து பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் மரத்தின் இருபுறமும் இதை வைத்து இயந்திரத்தால் அழுத்துகிறார்கள். முக்கோணக் கூரைச் சட்டத்தின் அடிமரம் பெரும்பாலும் இழுவையில் இருப்பது. அங்கே கழுந்து தோற்கும், பல்தகடு வெல்லும். துளை இல்லாததால் மெல்லிய மரமே போதும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறியாளர் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லவும் முடியும்.

ஆனால் இதற்கும் பகைகள் உண்டு. வேலைத்தலத்தில் சுத்தியலால் அடித்தால் பற்கள் வளைந்துவிடும், பிடிப்பு இராது. கடற்காற்றின் உப்பு துத்தநாகத்தை அரிக்கும். செம்பு கலந்த மரக்காப்பு மருந்து ஈரத்தோடு சேர்ந்தால் இன்னும் விரைவாக அரிக்கும். நெருப்பைப் பற்றியும் ஒரு கணக்குப் போடுவோம். கனமான மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழம் கரியாகிறது. அரை மணி நேரத்தில் 15 மில்லிமீட்டர் போனாலும் பருத்த உத்தரம் நின்றுகொண்டிருக்கும். எட்டு மில்லிமீட்டர் பல்லைப் பிடித்திருக்கும் மரமோ பதினாறு நிமிடத்திலேயே கரியாகிவிடும். எஃகு வெப்பத்தை உள்ளே கடத்துவதால் அதற்கு முன்பே பிடி விடலாம்.

காற்றையும் மறக்கக் கூடாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைத் தாக்கிய புயல்மழையில் மரங்கள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. காற்று கூரையை மேலே தூக்கும்போது, தன் பாரத்தால் மட்டும் உட்கார்ந்திருக்கும் கைமரம் எழும்பிவிடும். அங்கே முளையோ இரும்புப் பட்டையோ கட்டாயம் வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்காரருக்கு விடை சொல்லலாம். பழைய வீட்டில் தூணும் உத்தரமும் சந்திக்கும் மூட்டை மரத்தாலேயே பழுதுபார்ப்பது நல்லது. அதே இன மரத்தை நன்றாக உலர்த்தி ஒட்டுப்போட வேண்டும். கூரையைச் சுவரோடும் தூணோடும் கட்டும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையைத் திருகாணியால் பிணைக்கலாம். புதிய கூரை போடுவதானால் தொழிற்சாலைச் சட்டமே சிக்கனம். ஆனால் பிறகு தண்ணீர்த் தொட்டி வைப்பதற்காக அதன் ஒரு கட்டையைக்கூட அறுக்கலாகாது.

இரண்டையும் இணைக்கும் வழியும் இருக்கிறது. நார்வே நாட்டில் 2019இல் கட்டி முடித்த மியோஸ்தோர்நெட் என்னும் மரக் கட்டடம் 85 மீட்டருக்கும் மேல் உயரம். அதன் மூட்டுகளில் எஃகுத் தகடுகளை மரத்துக்குள்ளே செருகி மறைத்திருக்கிறார்கள். இழுவையை எஃகு தாங்குகிறது. நெருப்பிலிருந்து எஃகை மரம் காக்கிறது.

ஆகவே, நேயர்களே, தச்சர் வந்தால் கூலி கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மூட்டு அமுக்கத்தில் இருக்கிறதா, இழுவையிலா? மரம் உலர்ந்ததா, பச்சையா? இரும்பு வைத்தால் ஈரமும் உப்பும் அதை எட்டுமா? இவற்றுக்குத் தெளிவாக விடை சொல்கிறவர் எவரோ, அவரிடம் வேலையைக் கொடுங்கள்.