நிரலராக ஆசையா? கூடுதல் கணிதத்தைக் கைவிடாதீர்கள்

எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததும், “பிள்ளைக்குக் கணினியில்தான் ஆர்வம், எங்கே சேர்ப்பது?” என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். ஆனால், நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதில் பாதி முடிவாகிவிடுகிறது. கடினம் என்று கூடுதல் கணிதத்தைக் கைவிடும் மாணவர்கள் இதை அறிவதில்லை.

அகர வரிசையில் 10 லட்சம் பெயர்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினால், கணினி 10 லட்சம் முறைகூட ஒப்பிட நேரலாம். நடுப்பெயரைப் பார்த்து, தேவையில்லாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் 20 முறை போதும். ஏனெனில், 20 இரண்டுகளைப் பெருக்கினால் 1,048,576 வரும். நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் வரும் மடக்கை, அதாவது லோகரிதம், இதுதான். நிரல்மொழிகள் காலத்துக்குக் காலம் மாறும்; இந்தக் கணக்கு மாறாது.

பல பல்கலைக்கழகங்கள் கணினியியல் பட்டப்படிப்புக்குக் கூடுதல் கணிதத்தில் கிரெடிட் கேட்கின்றன. அது இல்லாதவர்கள் சில இடங்களில் தனியாக ஒரு கணிதப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு வழிகள் பல. ஆறாம் படிவத்துக்குச் செலவு மிகக் குறைவு. எஸ்.டி.பி.எம். தேர்வு மூன்று தவணைகளாக நடக்கும். தொடர்ந்து உழைப்பவர்களுக்கு ஏற்றது. மெட்ரிகுலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டுதான். ஆனால் இடம் கிடைக்கும் என்று அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். செய்து பார்த்துக் கற்பவர்களுக்கு போலிடெக்னிக் டிப்ளோமா பொருத்தமானது. முடித்ததும் வேலைக்குப் போகலாம், பட்டப்படிப்பையும் தொடரலாம். தனியார் கல்லூரியின் அடிப்படைக் கல்வியும் ஏறக்குறைய ஓராண்டே, கட்டணம் அதிகம். பணம் கட்டும் முன், அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். பி.டி.பி.டி.என். உதவி கடன்தான், பிறகு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை. பைத்தான் மொழி இலவசம். கணினி மனத்தில் வைத்துள்ள எண்ணைக் கண்டுபிடிக்கும் சிறு விளையாட்டைப் பள்ளி விடுமுறையில் பிள்ளை எழுதட்டும். முதல் நாள் ஓடாது. எங்கே பிழை என்று மறுநாளும் தானாகவே உட்கார்ந்து தேடினால், இந்தத் துறையைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம்.