வலிக்காத இம்ப்ளாண்ட்டை நம்பலாமா?

பல் இம்ப்ளாண்ட் வைத்து ஐந்தாறு வருஷம் ஆகிறது, ஒரு வலியும் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். ஆனால் வலி இல்லை என்பதை வைத்து ஈறு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகும் வலி தெரியாமல் இருப்பது சகஜம்.

இம்ப்ளாண்ட் செய்யப் பயன்படும் டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் என்பதை 1950களில் முயல்களிடம் கண்டவர் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க். 1965இல் டைட்டானிய இம்ப்ளாண்ட்டை மனிதருக்குப் பொருத்தினார். எலும்போடு அப்படி உறுதியாகப் பிடித்துக்கொண்டாலும் ஈறு அந்த அளவு பற்றுவதில்லை. சொந்தப் பல்லில் ஈற்றின் நார்கள் வேருக்குள் ஊன்றி நிற்கும். டைட்டானியத்தை ஒட்டி அவை ஊன்றாமல் இணையாக ஓடுகின்றன. ஆகவே கிருமி கீழே இறங்கத் தடை குறைவு.

அப்படிக் கிருமி இறங்கினால் முதலில் ஈறு சிவக்கும், லேசாக வீங்கும், பல் துலக்கும்போது ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் நன்றாகச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டாக்டர் அளவுகோடு போட்ட மெல்லிய கம்பியை ஈற்றுக்கும் இம்ப்ளாண்ட்டுக்கும் நடுவே மிக மெதுவாக விட்டு, சுற்றிலும் ஆழம் பார்ப்பார். ஒரே ஒரு புள்ளி ரத்தம் என்றால் கம்பி பட்டதாலும் வந்திருக்கலாம். ஈற்றின் விளிம்பு நெடுகக் கோடாகப் படர்ந்தாலோ, சொட்டாகத் திரண்டாலோ அழற்சிதான். சீழ் வந்தால் இன்னும் கவலைக்குரியது.

எலும்பு கரைகிறதா என்பதை எக்ஸ்ரே சொல்லும். கரைந்திருந்தால் இம்ப்ளாண்ட்டைச் சுற்றிக் கிண்ணம்போலக் குழி விழுந்திருக்கும். ஒப்பிடப் பழைய எக்ஸ்ரே இல்லாதவர்களுக்கென்று 2017இல் சிகாகோவில் கூடிய உலக நிபுணர்கள் ஒரு வரையறை தந்தார்கள்: ரத்தமோ சீழோ வந்து, ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேலும், எலும்பு இறக்கம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேலும் இருந்தால் நோய் எலும்பைத் தொட்டுவிட்டது.

ஆட்டம் கண்டால் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இம்ப்ளாண்ட்டே ஆடுகிறதென்றால் பிடிப்பு முழுவதும் போய்விட்டது, பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். மேலே உள்ள கேப் மட்டும் ஆடினால் பயப்பட வேண்டாம், ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம்.

ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், புகைபிடிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கேப்பை ஒட்டிய சிமென்ட் துளி ஈற்றுக்குள் தங்கினாலும் இதே தொல்லைதான்.

கேப் மாட்டியதும் எடுக்கும் எக்ஸ்ரேயின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும், எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அதோடு ஒப்பிட்டு அவர் துல்லியமாகச் சொல்ல முடியும்.