குடுவையில் அடையாளம் இழக்கும் செல்கள்

மூளை என்றதும் நரம்பு செல்களே நம் நினைவுக்கு வரும். அவற்றைத் தாங்கி, ஊட்டம் தந்து காக்கும் துணைச் செல்களும் அங்கு உண்டு. விண்மீன் வடிவம் கொண்ட 'ஆஸ்ட்ரோசைட்' அவற்றுள் ஒன்று. மூளைக் கட்டிகளுள் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமாவில் இச்செல்லின் சாயலைக் காணலாம்.

ஒரு கட்டி எவ்வகைச் செல்லைச் சார்ந்தது என எவ்வாறு அறிவது? வெளியூர்க்காரரைப் பேச்சு காட்டிக் கொடுப்பது போல, செல்லை அதன் புரதம் காட்டிக் கொடுக்கும். ஆஸ்ட்ரோசைட்டினுள் மெல்லிய இழைகளாக அமைந்த ஜி.எஃப்.ஏ.பி. என்னும் புரதம் அத்தகைய அடையாளம். அதைப் பிரித்தெடுத்து 1971-இல் விளக்கியவர்கள் அமெரிக்காவின் லாரன்ஸ் எங் குழுவினர்.

கட்டியின் சிறு துண்டைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, கன்றுக் கருவின் சீரம் கலந்த ஊட்டக் கரைசலில் வளர்ப்பர். குடுவை நிரம்பியதும் ஒரு பகுதியை வேறு குடுவைக்கு மாற்றுவர். இங்கேதான் விந்தை நிகழ்கிறது! மாற்ற மாற்ற, பல வளர்ப்புகளில் ஜி.எஃப்.ஏ.பி. குறைந்து மறைந்தே போகிறது. இணைப்புத் திசுவுக்கு உரிய ஃபைப்ரோனெக்டின் மிகுகிறது.

காரணம் இரண்டு எனலாம். ஒன்று, மூளையில் இல்லாத தூண்டுதல்களைச் சீரம் தருவது. மற்றொன்று, விரைந்து பெருகும் செல்கள் மற்றவற்றை முந்திக் குடுவையை நிரப்பிவிடுவது. 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சீரத்தை நீக்கி, இரு வளர்ச்சிக் காரணிகளைச் சேர்த்து வளர்த்தபோது, செல்கள் மூலக் கட்டியின் இயல்போடு பெரிதும் ஒத்திருந்தன.

சுவீடனின் உப்சாலாவில் 1960-களில் உருவான யு-87 என்னும் செல் வரிசை உலகெங்கும் பரவியது. 2016-இல் அந்நகர ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆய்வகங்களுக்கு வழங்கப்பட்டுவந்த யு-87, மூலக் கட்டியின் மரபணு அடையாளத்தோடு பொருந்தவில்லை. அதுவும் மூளைக் கட்டியே, ஆனால் வேறொருவருடையது!

இது வெறும் ஆய்வகச் செய்தியா? இல்லை. குடுவைச் செல்லைக் கொல்லும் மருந்து, நோயாளியின் மூளையில் தோற்கலாம். அதற்குள் கழியும் காலம், காத்திருக்கும் நோயாளியின் காலமன்றோ?

ஆகவே, 'புற்றுநோய்ச் செல்லை அழிக்கும் புதுமருந்து' என்ற தலைப்பைக் கண்டால், விலங்கியல் மாணவனாகிய நான் முதலில் கேட்பது இதுதான்: அச்செல் எங்கிருந்து வந்தது, எதில் வளர்ந்தது, எத்தனை முறை குடுவை மாறியது? நண்பர்களே, நீங்களும் கேளுங்கள்.