புரையேறாமல் காக்கும் மூடி

பேச்சு சுவாரசியத்தில் ஒரு பருக்கை தடம் மாறிவிடும். இருமல் பிய்த்துக்கொண்டு வரும், கண்ணில் நீர் முட்டும். பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார். யார் நினைத்தாலும் சரி, பருக்கையை வெளியே தள்ளுவது இருமல்தான். தலையில் தட்டுவதால் எதுவும் நடப்பதில்லை.

விழுங்கும் நொடியில்

தொண்டையில் மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். ஆகவே ஒவ்வொரு கவளமும் மூச்சின் வாசலைக் கடந்துதான் போயாக வேண்டும். அந்த வாசலில், நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் இலை வடிவில் நிற்கும் குருத்தெலும்புதான் குரல்வளை மூடி. மூச்சு விடும்போது நிமிர்ந்திருக்கும். விழுங்கும்போது குரல்வளை மேலேறி முன்னால் நகர, மூடி பின்பக்கம் சாய்ந்து வாசலை மறைக்கும். கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அந்த ஏற்ற இறக்கம் தெரியும். அந்த நேரம் மூச்சும் நின்றிருக்கும்.

மூடி மட்டுமே காவல் அல்ல. அதற்குக் கீழே குரல் நாண்களும் இறுகச் சேர்ந்துகொள்கின்றன. புற்றுநோய்க்காக மூடியை அகற்றிக்கொண்டவர்களில் பலர் பயிற்சிக்குப் பிறகு மறுபடி விழுங்குவது இதனால்தான்.

வாயில் ஊற்றும் வழக்கம்

இத்தனை அசைவுகளையும் ஒருங்கிணைப்பது மூளைத்தண்டு. நினைவு தவறியவரிடம் இந்த ஏற்பாட்டை நம்ப முடியாது. ஆனால் நம் ஊரில் ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் ஓடி வருவது தண்ணீரோ சோடாவோதான்! அது நேராக நுரையீரலுக்குள் போகலாம். வலிப்பு வந்தவருக்கும் இதே ஆபத்து. அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து புகட்டுவதும் இந்த வகைதான்; வீறிட்டழும் குழந்தை அடுத்த மூச்சை இழுக்கும்போது மருந்தும் கூடவே உள்ளே போகும்.

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சில சமயம் புரையேறினாலும் இருமல் வராது. குடித்தபின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தால், அடிக்கடி நெஞ்சில் சளியும் காய்ச்சலும் வந்தால் சந்தேகப்பட வேண்டும். இவர்களில் பலருக்குக் கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீர்தான் சிக்கல். விழுங்கும் திறனை மருத்துவமனையில் சோதித்த பிறகே வாய்வழி உணவு தொடங்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டவே கூடாது.

மூடியே வீங்கினால்

அரிதுதான், ஆனால் சில மணி நேரத்தில் மூச்சை அடைத்துவிடும். குழந்தைகளிடம் இதற்கு முக்கியக் காரணமாக இருந்தது ஹிப் என்ற பாக்டீரியா. அதற்கு எதிரான பாதுகாப்பு, தமிழகத்தில் 2011 இறுதியில் அறிமுகமான பென்டாவேலன்ட் தடுப்பூசியில் அடங்கியிருக்கிறது. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்கள். பெரியவர்களுக்கும் இந்த வீக்கம் வரலாம்.

கடும் காய்ச்சல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடியும் வாய், அமுங்கிய குரல், முன்னால் குனிந்து மூச்சுக்குத் திணறும் உடல் ஆகியவை அறிகுறிகள். தொண்டையைப் பார்க்கிறேன் என்று கரண்டியால் நாக்கை அழுத்தாதீர்கள், அடைப்பு முற்றிவிடக்கூடும். குழந்தையைப் படுக்க வைக்காமல், அது விரும்பும் நிலையிலேயே மடியில் உட்கார வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.